ஏரிக்கரையில் வீடு; தண்ணீருக்கு லாரியா?

தாம்பரத்தில் ரயில் ஏறித் தெற்கே போனால், பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் தாண்டி ஊரப்பாக்கம் வரும்.

ஒரு காலத்தில் அது வயலும் ஏரியுமாக இருந்த ஊர். இன்று வயல் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்து நிற்கின்றன. ரோட்டு ஓரம் முழுவதும் கடைகள். பக்கத்தில் உள்ள கிளாம்பாக்கத்தில் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பக்கத்து மனைகளுக்கு இன்னும் கிராக்கி.

பட்டணத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் இங்கே மனை வாங்குகிறார்கள். நகையை விற்கிறார்கள். பாங்கில் கடன் வாங்குகிறார்கள். இருபது வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"ஏரிக்கரை மனை. காற்று வரும். தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை" என்று மனை விற்பவர் சொல்வார்.

காற்று வருவது உண்மைதான். தண்ணீர்?

கோடை வந்ததும் பல வீடுகளில் ஆழ்குழாய்க் கிணறு காற்றைத்தான் இறைக்கிறது. வாசலில் லாரி வந்து நிற்கிறது. குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்க லாரித் தண்ணீர் என்று குடும்பச் செலவில் இரண்டு புதுக் கணக்குகள் ஏறிக்கொள்கின்றன.

ஏரிக்கரையில் குடியேறியவர்களுக்கும் பட்டணத்தில் இருப்பவர்களைப்போலக் குழாய்த் தண்ணீர் கிடைக்க வேண்டும். அதில் இரண்டு பேச்சுக்கு இடம் இல்லை. ஆனால் குழாயை மட்டும் கேட்டு வாங்கினால் போதாது. குழாயோடு சேர்த்துச் சாக்கடையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காவிட்டால், குழாய் வந்த சில வருஷங்களில் ஏரி செத்துவிடும். பிறகு தண்ணீரும் போய், காற்றும் கெட்டுவிடும்.

ஏன் என்று பார்க்கலாம்.

ஏரிகளின் மாவட்டம்

செங்கற்பட்டு என்ற பெயரே தண்ணீரில் பூத்த பெயர் என்பார்கள். செங்கழுநீர்ப் பூ நிறைந்த இடம் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு; அதுவே செங்கற்பட்டு ஆயிற்று என்று சொல்வது வழக்கம்.

இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஓர் ஏரி இருக்கும். மழையைப் பிடித்து வைத்துக்கொள்ள முன்னோர் கண்ட வழி அது.

ஏரி தனியாக நிற்பது இல்லை. மேட்டில் இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழியும். அது கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்த ஏரிக்கு. இப்படிச் சங்கிலிபோல ஏரிகள் கோத்துக் கிடக்கும். ஊரப்பாக்கத்துக்கு அருகே உள்ள ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்தான் அடையாற்றின் தொடக்கம். அங்கே வழியும் தண்ணீர் சைதாப்பேட்டை வழியாகப் போய்க் கடலில் சேருகிறது.

அந்த ஏரிகளைக் காக்க ஊரார் ஏற்பாடு செய்திருந்தார்கள். இதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டே சாட்சி. முன்பு செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர் அது; இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு இருந்தது. அதற்கு ஆறு பேர். குடவோலை முறையில் சீட்டு எடுத்து அவர்களைத் தேர்ந்தார்கள். பொறுப்பு ஒரு வருஷத்துக்குத்தான். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய உறவினரும் நிற்க முடியாது!

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் ஏரிக்குப் பொறுப்பாளிகள் இருந்தார்கள். அவர்கள் பெயர் ஊருக்குத் தெரியும். இன்று ஏரிக்கரையில் வீடு வாங்குகிறவரிடம் "இந்த ஏரிக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

ஏரி பக்கத்தில், கிணறு ஏன் வறண்டது?

"ஏரி கண்ணெதிரே இருக்கிறது. அப்புறம் ஆழ்குழாய்க் கிணறு ஏன் வற்றுகிறது?" என்று குடியேறியவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

வண்டலூர்ப் பக்கம் பாறை பூமி. மேலே கொஞ்சம் மண். அதன் கீழே கடினமான பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும் இடுக்குகளிலும்தான் நிற்கும். மணல் பூமியைப்போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள இங்கே இடம் குறைவு. ஒருவர் இருநூறு அடி தோண்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் முந்நூறு அடி தோண்டுகிறார். முதல் கிணறு வற்றுகிறது. மூன்றாவது ஆள் இன்னும் ஆழமாகப் போகிறார். ஆழம் கூடுகிறதே ஒழியத் தண்ணீர் கூடுவது இல்லை.

ஏரிக்கு வரும் கால்வாயின்மேல் மனை போட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஏரிக்கு வர வேண்டிய மழை தெருவில் நிற்கும். தெருவில் வெள்ளம், ஏரியில் பள்ளம். நாலு மாதம் கழித்துக் கிணற்றில் வறட்சி.

அப்போது வீட்டில் சண்டை வரும். "வீட்டைக் கட்டினீங்களே, தண்ணிக்கு வழி பாத்தீங்களா?" என்று மனைவி கேட்பாள். புருஷனிடம் பதில் இராது. தண்ணீர் இல்லாத சங்கடம் முதலில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. எந்த நேரத்தில் லாரி வரும் என்று காத்திருப்பவர்கள் அவர்கள். குடத்துக் கணக்கும் வாளிக் கணக்கும் பார்த்துக் குடும்பம் நடத்துபவர்களும் அவர்கள்தான்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்திய சர்க்காரின் பொறியியல் கணக்கு. குடிக்க, சமைக்க, குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ, கக்கூசுக்கு ஊற்ற எல்லாம் இதில் அடக்கம்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர் ஆயிற்று. அப்படிப்பட்ட குடும்பங்கள் ஆயிரம் ஓரிடத்தில் குடியேறினால் ஒரு நாளைக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் வேண்டும். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் கொண்டு வந்தால் 45 லாரி. அதுவும் ஒரே நாளைக்கு!

அந்த 45 லாரியும் எங்கே நிரப்பிக்கொண்டு வருகின்றன? புறநகர் லாரிகள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளில்தான் இறைக்கின்றன. அங்கே உழவன் நெல்லுக்கு வைத்திருந்த தண்ணீர் இங்கே குளியல் அறைக்கு வருகிறது. இது நெடுநாள் ஓடக்கூடிய கணக்கு அல்ல.

லாரிக்குக் கொடுக்கும் பணம் அன்றோடு கரைந்துவிடும். குழாய்க்குச் செலவிடும் பணம் பேரன் காலத்துக்கும் நிற்கும். பணக்காரன் ஆழமாகத் தோண்டிக்கொள்வான். நடுத்தரக் குடும்பம் லாரிக்குக் கொடுக்கும். ஏழை என்ன செய்வான்? தெருக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் நிற்பான். எல்லாரும் ஒரே விலையில் ஒரே தண்ணீர் குடிக்க வேண்டுமானால், குழாயைத் தவிர வேறு வழி கிடையாது.

பட்டணத்துக் குழாய் வளர்ந்த கதை

சென்னைக்கும் குழாய்த் தண்ணீர் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

1772-ம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் தோண்டிய ஏழு கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போயிற்று. அது வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் துரைமார்களுக்கும் ஆன தண்ணீர். மற்ற ஜனங்கள் ஊர்க் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பி இருந்தார்கள்.

1872-ம் ஆண்டில் செங்குன்றம் ஏரித் தண்ணீரைத் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வழியே தண்ணீரை வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது. 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்தது.

1978-ல் சென்னைக்கென்று தனிக் குடிநீர் வாரியம் அமைந்தது. 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்து சேர்ந்தது. 2004-ல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி வந்தது. 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் மாமல்லபுரம் சாலையில் நெம்மேலியிலும் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் ஆலைகள் வந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இரண்டாவது ஆலையும் திறக்கப்பட்டது. அது நாள் ஒன்றுக்கு 15 கோடி லிட்டர் கொடுக்கக் கூடியது.

இத்தனை இருந்தும் 2019-ல் என்ன நடந்தது? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வாகன்கள், 25 லட்சம் லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அந்த ரயில் நிறையத் தண்ணீர், ஐயாயிரம் குடும்பங்களுக்கு ஒரு நாள் செலவுக்குக்கூடப் பற்றாது!

பட்டணத்துக் குழாயை நீட்டினால் மட்டும் போதாது, அதில் விடத் தண்ணீரும் வேண்டும் என்பதை அந்தக் கோடை காட்டிவிட்டது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. புதிதாகச் சேர்ந்த இடங்களில் குழாய் பதிக்கும் வேலையும் சாக்கடை வேலையும் பத்து ஆண்டுகள் கழித்தும் நடந்துகொண்டே இருந்தன.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. தெற்கே நந்திவரம் கூடுவாஞ்சேரி நகராட்சி ஆயிற்று. நடுவில் இருக்கும் ஊரப்பாக்கம் அப்போதும் கிராம ஊராட்சியாகவே இருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பெயரைப் பொறுத்துத்தான் தண்ணீரின் அளவு. 2019 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் அறிவித்த 'ஜல் ஜீவன்' திட்டத்தில் கிராமத்தானுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. நகரவாசிக்கு 135 லிட்டர். ஆனால் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியவர் வாழ்வது நகரத்து வாழ்க்கை. அவர் ஏறுவது பட்டணத்து ரயில். வேலை பார்ப்பது பட்டணத்து ஆபீஸில். மாடி வீடு, மேலே தொட்டி, உள்ளே கக்கூஸ். தண்ணீர்க் கணக்கில் மட்டும் அவர் கிராமத்தான்!

இதற்கு விமோசனம் வரும் திசை கிழக்கு. ஊரப்பாக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் நெம்மேலிக் கடற்கரை. அதற்குப் பக்கத்தில் பேரூரில், நாள் ஒன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் கடன் உதவியோடு போடப்பட்ட திட்டம் அது. தாம்பரம் மாநகராட்சிக்கும், வண்டலூரை அடுத்த 20 கிராம ஊராட்சிகளுக்கும் தண்ணீர் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

நல்ல காரியம். ஊராட்சி என்ற பெயர் பலகைக்காக யாரையும் தாகத்தில் விடக் கூடாது என்ற கொள்கை அதில் இருக்கிறது. அந்தக் கொள்கை எல்லாப் புறநகருக்கும் பொருந்த வேண்டும்.

கடல் தண்ணீர் வற்றாது. ஆனால் அது இலவசமும் அல்ல. உப்பைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். அங்கிருந்து மேற்கே மேட்டுக்கு ஏற்ற மறுபடி மின்சாரம் வேண்டும். அப்படி அரும்பாடுபட்டு வந்த தண்ணீரை ஒரு தடவை உபயோகித்துவிட்டு ஏரியில் சாக்கடையாக விடலாமா?

குழாய் வந்தால் சாக்கடையும் வரும்

வீட்டுக்குள் வரும் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாது. நூறு லிட்டர் வந்தால் எண்பது லிட்டர் கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் கணக்கு. நாலு பேர் குடும்பத்தில் 432 லிட்டர். ஆயிரம் குடும்பத்தில் 4 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர். தினமும்!

லாரித் தண்ணீரில் குடும்பம் நடக்கும்போது ஜனங்கள் சிக்கனமாக இருப்பார்கள். குழாய் வந்துவிட்டால் செலவு ஏறும். கழிவும் ஏறும். அது எங்கே போகும்?

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டாங்குதான் கதி. ஏரிக்கரைப் பூமியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். அப்போது செப்டிக் டாங்குத் தண்ணீர் பூமிக்குள் இறங்காது. மேலே பொங்கும். அல்லது பக்கத்துக் கிணற்றில் கலக்கும். மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிட்டால் நேராக ஏரிக்குப் போகும்.

சர்க்காரின் குடிநீர்க் கணக்கிலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பாதாளச் சாக்கடை இருக்கிற ஊருக்கு அல்லது வரப்போகிற ஊருக்குத்தான் ஆளுக்கு 135 லிட்டர். சாக்கடை இல்லாத நகரத்துக்கு 70 லிட்டர்தான் என்று பொறியியல் கையேடு வகுத்திருக்கிறது. இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் காரியத்தில் குழாய் முந்துகிறது. சாக்கடை பல வருஷம் பிந்துகிறது. குழாய்க்குத் திறப்பு விழா உண்டு. பூமிக்குள் புதைந்து கிடக்கும் சாக்கடையை யார் படம் பிடிப்பார்கள்?

அப்படிப் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரில் உள்ள பெல்லந்தூர் ஏரி உதாரணம். அதைச் சுற்றிலும் பெரிய பெரிய கட்டடங்கள் வந்தன. சுத்தம் செய்யாத கழிவு ஏரியில் பாய்ந்தது. சோப்பு நுரை மலைபோலப் பொங்கி ரோட்டில் பறந்தது. 2017 பிப்ரவரியில் அந்த ஏரியில் தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் தீயை அணைக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே தண்ணீர் இருந்த இடமே எரிந்தது!

சென்னையிலும் பாடம் இருக்கிறது. 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியை வடித்துத்தான் தியாகராயநகரை அமைத்தார்கள். இன்று அங்கே துணிக் கடையும் நகைக் கடையும் இருக்கின்றன, ஏரி இல்லை. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர் இருந்தது. வீடும் ரோடும் வந்து அது 55 ஏக்கராகச் சுருங்கியது. மழை மட்டும் சுருங்கவில்லை. ஏரியில் நிற்க வேண்டிய தண்ணீர் இப்போது வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்தில் வீடுகள் மூழ்கின. படகில் ஏற்றி ஜனங்களை மீட்டார்கள். அந்த இடங்கள் எல்லாம் ஊரப்பாக்கத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. அதே ஏரிச் சங்கிலியின் அடுத்த கண்ணிகள்.

நாலு வாசல்

இதை எல்லாம் யாரிடம் முறையிடுவது? இங்கேதான் குடியேறியவர் திண்டாடுகிறார்.

மனைக்கு அனுமதி கொடுப்பது ஓர் அலுவலகம். குழாய்த் தண்ணீர் விடுவது ஊராட்சி. ஊராட்சிக்குத் தண்ணீர் கொண்டு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் போடுவது வேறு வாரியம். ஏரி பெரிதாக இருந்து, 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளதாக இருந்தால் அது நீர்வளத் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. பெரிய ரோட்டு ஓரத்துக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது.

ஆக, ஒரே தண்ணீர் மேகத்திலிருந்து விழுந்து கடலுக்குப் போவதற்குள் நாலைந்து வாசலில் கையெழுத்து வாங்க வேண்டும்! ஒவ்வொரு வாசலிலும் "அது எங்கள் வேலை இல்லை" என்று பதில் வந்தால், ஜனங்கள் எங்கே போவார்கள்?

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை இது. மனைக்கு அனுமதி கொடுக்கும்போது தண்ணீரைப் பற்றியும் கழிவைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். வீடு கட்டி, கிரகப் பிரவேசம் செய்து, ரேஷன் கார்டும் வாங்கிய பிறகு "இங்கே குழாய் போட இடம் இல்லையே, ரோடு குறுகலாயிற்றே" என்று சொல்வதில் என்ன பயன்?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எந்தப் பெரிய மனைப் பிரிவுக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன்பு, தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதில் இல்லை என்றால் அனுமதியும் இல்லை.

இரண்டாவது, ரோட்டை ஒரே தடவை வெட்டி, குடிதண்ணீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் உரிய இடைவெளி விட்டுப் பதிக்க வேண்டும். முதல் வருஷம் ஒன்றுக்கு வெட்டி, அடுத்த வருஷம் இன்னொன்றுக்கு வெட்டினால் செலவு இரட்டிப்பு. ரோடும் பாழ்.

மூன்றாவது, கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி உபயோகிக்க வேண்டும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இதற்கான ஆலைகள் 2019-ல் வந்தன. ஒவ்வொன்றும் நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவை மிக நன்றாகச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கக் கூடியது. தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரில் கழிவுக் குழாயும் மழைக் கால்வாயும் தனித்தனியாக ஓடுகின்றன. ஊரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைப் பிடிக்கும் இடமாக இருக்கிறது. கழிவையும் சுத்தம் செய்து 2003 முதல் உபயோகித்து வருகிறார்கள். ஒரு சின்னத் தீவால் முடிந்தது, ஆயிரம் வருஷமாக ஏரி கட்டத் தெரிந்த நாட்டால் முடியாதா?

நாலாவது, ஏரியின் எல்லையை அளந்து கல் நட்டு, கலங்கலையும் கால்வாயையும் அடைப்பு இல்லாமல் வைக்க வேண்டும். இதற்குச் சட்டம் இருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் செய்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தால் ஏரி காகிதத்தில்தான் இருக்கும்.

குடியிருப்போர் பங்கு

எல்லாம் சர்க்கார் செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் சரி அல்ல.

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் ஆயிற்று. பல வீடுகளில் அன்று வைத்த குழாய் இன்று குப்பை அடைத்துக் கிடக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் லிட்டர் விழும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 89 ஆயிரம் லிட்டர் மிச்சம். நாலு பேர் குடும்பத்துக்கு ஐந்து மாதச் செலவு அது. எல்லாவற்றையும் தொட்டியில் பிடிக்க முடியாது. மீதியைக் கிணற்றுப் பக்கம் பூமிக்குள் இறக்கலாம். கோடையில் அது கைகொடுக்கும்.

குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கும் இடங்களில், அந்தச் சங்கமே புது ஏரி வாரியமாக வேலை செய்யலாம். மழைக்கு முன் கால்வாயைப் பார்ப்பது, கழிவு லாரி ஏரியில் கொட்டினால் புகார் எழுதுவது, கிராம சபையில் எழுந்து கேட்பது, இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். பழைய ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கால்வாய் எங்கே ஓடிற்று என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. அங்கே உழுத பெரியவருக்குத் தெரியும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

இந்த மனைப் பிரிவுக்கு முறையான அங்கீகாரம் உண்டா?

குழாய்த் தண்ணீர் எந்தத் திட்டத்திலிருந்து, என்றைக்கு வரும்?

கழிவுத் தண்ணீர் எங்கே போகும்?

நிலப் படத்தில் இந்த இடத்தில் கால்வாயோ ஓடையோ இருந்ததா?

2015 மழையில் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?

கடைசிக் கேள்வியை மனை விற்பவரிடம் கேட்க வேண்டாம். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு கேட்டால் எல்லாரும் பதில் சொல்வார்கள். போட்ட பிறகு கேட்டால், லாரிதான் வரும்.